சிட்செர்னகாபெர்ட் நினைவகம்: குன்றின் மேல் ஒரு விருந்தினர் பட்டியல்

ஆர்மேனியத் தலைநகர் யெரெவானின் மேற்கே, ஹ்ராஸ்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் குன்றுக்கு சிட்செர்னகாபெர்ட் என்று பெயர். இன்றைய துருக்கியின் முன்னோடியான ஒட்டோமான் பேரரசில் 1915 முதல் அழிக்கப்பட்ட ஆர்மேனியர்களுக்கான நினைவுச் சின்னமும், அந்த அழிவை ஆவணப்படுத்தும் அருங்காட்சியகமும் இக்குன்றின் மேல் அமைந்துள்ளன. யெரெவானுக்குச் செல்லும் நம் பயணிகளின் எண்ணிக்கை பெருகி வருகிறது. அவர்களில் பலர் இந்த இடத்தை அரை மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டுக் கடந்து போகிறார்கள். இங்கே அரை நாளைச் செலவிடுவது ஏன் தகும் என்பதைச் சொல்வதே இம்மதிப்புரையின் நோக்கம். நடந்ததை அறிந்துகொள்வதற்கு மட்டும் அல்லாமல், நடந்ததை எந்த அரசு எப்போது இனப்படுகொலை என்ற அதன் பெயரால் அழைத்தது, அந்தப் பெயரை ஏற்காத துருக்கியோடு எதைக் காக்க வேண்டி எத்தனை ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தது என்பதைப் புரிந்துகொள்வதற்கும் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று கருதுகிறேன்.

முதலில் நினைவுச் சின்னம். 44 மீட்டர் உயரமுள்ள கூரான கல்தூண் ஒன்று, நடுவே நீளவாக்கில் பிளந்து நிற்கிறது. அதன் அருகில் உட்புறமாகச் சாய்ந்த 12 பெருங்கற்பலகைகள் வட்டமாக நின்று அணையா விளக்கு ஒன்றைச் சூழ்ந்திருக்கின்றன. படிகளில் இறங்கித்தான் விளக்கை அடைய முடியும், இறங்கும்போது தலை தானாகக் குனிகிறது. அங்கே செல்லும் வழியில் உள்ள 100 மீட்டர் நீளச் சுவரில், ஆர்மேனியர்கள் இல்லாமல் ஆக்கப்பட்ட ஊர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அலங்காரம் எதுவும் இல்லை. சோவியத் காலத்து நினைவுச் சின்னங்களில் வழக்கமாகக் காணப்படும் முறுக்கேறிய தசைகளும் உயர்த்திய வாள்களும் இங்கே இல்லாதது பெரிய ஆறுதல். கட்டடக் கலைஞர்கள் ஆர்தர் தர்கான்யானும் சாஷுர் கலாஷ்யானும் எவ்வளவு அடக்கத்தோடு சிந்தித்திருக்கிறார்கள் என்பது நேரில் நின்றால்தான் விளங்கும்.

இந்தச் சின்னம் எழுந்த கதையே நம் பொருளுக்குள் நேரடியாக இட்டுச் செல்கிறது. 1965 ஏப்ரல் 24 அன்று, ஐம்பதாம் ஆண்டு நிறைவில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் யெரெவான் வீதிகளில் இறங்கினார்கள். சோவியத் ஒன்றியத்தில் அனுமதி பெறாமல் அத்தனை பேர் திரள்வது கேள்விப்படாத செயல். ஸ்டாலின் மறைந்த 1953-லேயே துருக்கியின் மீதான நிலக் கோரிக்கைகளைக் கைவிட்டிருந்த மாஸ்கோவுக்கு, மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோவில் இருந்த அந்த அண்டை நாட்டோடு புதிய உரசல் தேவைப்படவில்லை. ஆயினும் திரண்ட கூட்டத்தை முழுவதுமாக மறுக்கவும் இயலவில்லை. 1967 நவம்பரில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. இங்கே நிற்கும் முதல் கல்லே வெளியுறவுக் கணக்கு ஒன்றின் விளைவாக நடப்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே செல்வது நல்லது.

அருங்காட்சியகம் 1995-இல் திறக்கப்பட்டு, நூற்றாண்டு நிறைவான 2015-இல் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது. நினைவுச் சின்னத்தை மறைத்துவிடக் கூடாது என்பதற்காகக் குன்றின் சரிவுக்குள் புதைத்துக் கட்டியிருக்கிறார்கள். வானம் தெளிந்த நாளில் அதன் மேல் தளத்திலிருந்து அராரத் மலை முழுமையாகத் தெரியும். அந்த மலை துருக்கிக்குள் இருக்கிறது; இரு நாட்டு நில எல்லையைத் துருக்கி 1993-இல் மூடிவிட்டது. உள்ளே, 1915-க்கு முந்தைய ஆர்மேனிய வாழ்வின் வரைபடங்களும் குடும்பப் படங்களும் தொடங்கி, ஏப்ரல் 24 அன்று ஒட்டோமான் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) அறிவாளர்கள் கைது செய்யப்பட்டது, மே இறுதியில் வந்த நாடுகடத்தல் சட்டம், சிரியப் பாலைவனத்தின் டேர் எஸ்-ஸோரை நோக்கிய நடைப்பயணங்கள், அநாதை இல்லங்கள் என்று காட்சிகள் வரிசையாகச் செல்கின்றன. இறந்தோர் எண்ணிக்கை 6 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. ஆர்மேனிய அரசு 15 லட்சம் என்கிறது. ஆங்கில விளக்கங்கள் போதிய அளவில் உள்ளன. படங்கள் கடுமையானவை, சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த அருங்காட்சியகத்தின் வலிமை சாட்சியங்களில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சொன்னதை மட்டும் வைத்து அது வாதாடுவதில்லை. ஜெர்மானிய மருத்துவப் படைப் பணியாளர் ஆர்மின் வெக்னர் தடையை மீறி எடுத்த ஒளிப்படங்களுக்கு முன் அதிக நேரம் நின்றேன். ஜெர்மனி அன்று ஒட்டோமான் பேரரசின் போர்க்காலக் கூட்டாளி. கூட்டாளியின் சீருடையில் இருந்தவன் எடுத்த படங்களைப் பகைவரின் பிரச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மானியத் தூதரக ஆவணங்களை அறிந்தவர்களுக்கு இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வரும். கான்ஸ்டான்டினோபிளில் இருந்த தூதர் வோல்ஃப்-மெட்டர்னிக், ஆர்மேனியர் அழிப்பைப் பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டும் என்று 1915 டிசம்பரில் பெர்லினுக்கு எழுதினார். பிரதமர் பெத்மன் ஹோல்வெக் அதை மறுத்தார்: போர் முடியும்வரை துருக்கியைத் தம் பக்கம் வைத்திருப்பதே ஒரே நோக்கம், அதனால் ஆர்மேனியர்கள் அழிந்தாலும் அழியாவிட்டாலும் சரி என்பதே அவர் எழுதிய குறிப்பின் சாரம். கூட்டணியா, உண்மையா என்ற எடைபோடல் பிற்காலத்து நாடாளுமன்றங்கள் கண்டுபிடித்ததல்ல. கொலைகள் நடந்துகொண்டிருந்தபோதே, எழுத்து வடிவில், அதிகாரபூர்வமாக அது செய்யப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்த அத்தனை அரசுகளும் இன்னும் நாசூக்கான மொழியில் இதே குறிப்பைத் திரும்ப எழுதியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பக்கத்து வல்லரசுகளின் நிலையும் அப்படி ஒன்றும் தூயதல்ல. பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவும் 1915 மே 24 அன்று வெளியிட்ட கூட்டறிக்கை, மானுடத்துக்கும் நாகரிகத்துக்கும் எதிரான குற்றம் என்று இதைக் குறிப்பிட்டு, ஒட்டோமான் அமைச்சர்களைத் தனித்தனியே பொறுப்பாக்கப் போவதாக எச்சரித்தது. பகைவனைப் பற்றி உண்மையைச் சொல்ல எந்தச் செலவும் இல்லாத நேரம் அது. அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கெந்தா 1915 ஜூலையில் அனுப்பிய தந்தி, கலகத்தை அடக்குவது என்ற போர்வையில் ஓர் இனத்தையே அழிக்கும் முயற்சி நடக்கிறது என்று கூறியது. அமெரிக்கர்கள் கோடிக் கணக்கில் நிவாரணப் பணம் திரட்டினார்கள். நியர் ஈஸ்ட் ரிலீஃப் அமைப்பு 1930 வரை திரட்டிய தொகை 11.6 கோடி டாலர். அநாதைகளைக் காட்டும் பகுதியில் இந்த உதவிக்கு உரிய மரியாதை தரப்பட்டிருக்கிறது.

வெளியே வந்தால் நினைவுச் சுவரின் பின்பக்கத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. பெரும்பாலான பயணிகள் அதைத் தவறவிடுகிறார்கள். ஆர்மேனியர்களுக்காகக் குரல் கொடுத்த வெளிநாட்டவரின் கல்லறைகளிலிருந்து கொண்டுவந்த மண்ணைச் சிறு கண்ணாடிப் பேழைகளில் அங்கே பதித்து வைத்திருக்கிறார்கள். வெக்னர், ஜெர்மானியப் பாதிரியார் யோகான்னஸ் லெப்சியஸ், மோர்கெந்தா, நோர்வேயின் மனிதநேயப் பணியாளர் நான்சென் ஆகியோர் அந்த வரிசையில் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர்கூட அரசு ஒன்றின் தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை. லெப்சியஸ் தம் அறிக்கையைப் போர்க்காலத் தணிக்கைக்குத் தப்பி விநியோகித்தார். இந்த இடத்தின் நேர்மையான பகுதி எது என்று கேட்டால் இச்சுவரைத்தான் காட்டுவேன்.

அடுத்தது மரங்கள். வருகை தரும் நாட்டுத் தலைவர்களும் தூதுக் குழுக்களும் இங்கே ஒரு மரம் நடுவது வழக்கம். குன்றின் பாதையோரம் அந்த மரங்கள் பெயர்ப் பலகைகளுடன் நிற்கின்றன. சுற்றுலா வழிகாட்டிகள் விரைந்து கடக்கும் இந்தப் பாதையைத்தான் நான் மெதுவாக நடக்கச் சொல்வேன். இங்கே வந்து குனிந்தவர்களின் பட்டியலும், இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலும் ஒன்றல்ல. 2010 ஜூலையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளின்டன் இங்கே மலர் வைத்தார். அது தனிப்பட்ட வருகை என்று விளக்கம் கொடுக்கப்பட்டது. செனட்டராகவும் அதிபர் வேட்பாளராகவும் அங்கீகாரத்தை ஆதரித்தவர் அவர். பதவி ஏற்றதும், அதே கால்கள் அதே படிகளில் இறங்குவதற்குத் தனிப்பட்ட நபர் என்ற முகமூடி தேவைப்பட்டது. அவருக்கு முன், யெரெவானில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் எவன்ஸ் 2005-இல் கலிபோர்னியாவில் பேசும்போது இனப்படுகொலை என்ற சொல்லைப் பயன்படுத்தினார். மறு ஆண்டே, பதவிக் காலம் முடியும் முன் அவர் திரும்ப அழைக்கப்பட்டார்.

நம் நாட்டவரும் இங்கே வந்திருக்கிறார்கள். 2021 அக்டோபரில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் இங்கே அஞ்சலி செலுத்தினார். இந்தியா 2022-க்குப் பிறகு ஆர்மேனியாவுக்குப் பினாகா ராக்கெட் ஏவு அமைப்பு உள்ளிட்ட ஆயுதங்களை விற்று வருகிறது. காஷ்மீர் விஷயத்தில் பாகிஸ்தானுக்குத் துணை நிற்கும் துருக்கியோடு நல்லுறவைப் பேண வேண்டிய அவசரமும் டெல்லிக்கு இல்லை. இருந்தும் இந்தியா அதிகாரபூர்வமாக இதை இனப்படுகொலை என்று அங்கீகரிக்கவில்லை. பிற நாட்டு நாடாளுமன்றங்கள் தன் விவகாரங்களில் தீர்ப்பு எழுதுவதை விரும்பாத அரசு, தானும் அப்படி எழுதத் தயங்குகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். சென்னைக்காரருக்கு இது சற்றுச் சங்கடமான விஷயம்; உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான அஸ்தராரை 1794-இல் ஷ்மாவோன்யான் அச்சிட்டது மதராஸில்தான், அரண்மனைக்காரன் தெருவின் ஆர்மேனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஊர்ப் பெயர்கள் பொறித்த அந்தச் சுவருக்கு முன் நிற்கும் தமிழருக்கு வேறு கடற்கரை ஒன்றின் ஊர்ப் பெயர்களும் நினைவுக்கு வரலாம். அதை எழுத வேண்டிய இடம் வேறு.

இப்போது, காட்சிகளின் இறுதிப் பகுதியான பன்னாட்டு அங்கீகாரத்துக்கு வருவோம். 1965 ஏப்ரலில் உருகுவே தொடங்கி வைத்த பட்டியல் இன்று 30-க்கும் மேற்பட்ட நாடுகளைக் கொண்டிருக்கிறது. நாடும் ஆண்டுமாக இதைப் படிக்கும் பார்வையாளருக்கு, மனசாட்சி மெல்ல மெல்ல விழித்த கதையாக இது தோன்றும். வந்த விருந்தினரிடம் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பது எந்த அருங்காட்சியகத்தின் வேலையும் அல்ல. ஆகவே குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில், அந்த ஆண்டில் அந்த நாட்டுக்குத் துருக்கியின் தலைநகரான அங்காராவோடு என்ன உறவு இருந்தது என்பதைப் பார்வையாளர் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதினால் பட்டியல் வேறு விதமாகப் படிக்கும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், அதன் கதைதான் மிக நீளமானது. 1951-இல் சர்வதேச நீதிமன்றத்துக்கு அளித்த எழுத்துபூர்வ அறிக்கையில், இனப்படுகொலைக்கு எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகத் துருக்கியர் ஆர்மேனியரைக் கொன்றதை அமெரிக்க அரசே குறிப்பிட்டது. மறு ஆண்டு துருக்கி நேட்டோவில் சேர்ந்தது. அதன் பிறகு 1981-இல் ரீகன், யூதப் பேரழிவு நினைவு நாள் பிரகடனம் ஒன்றில் போகிற போக்கில் ஆர்மேனியர் இனப்படுகொலை என்றார். அவருடைய நிர்வாகமே பின்னர் அந்தச் சொல்லிலிருந்து விலகிக்கொண்டது. 2000 அக்டோபரில் பிரதிநிதிகள் அவையில் வாக்கெடுப்புக்கு வரவிருந்த தீர்மானத்தை, அதிபர் கிளின்டனின் கடிதம் கிடைத்ததும் அவைத் தலைவர் ஹாஸ்டர்ட் விலக்கிக்கொண்டார். வடக்கு ஈராக்கின் வான்தடை மண்டலத்தைக் கண்காணித்த விமானங்கள் துருக்கியின் இன்ஜிர்லிக் விமானத் தளத்திலிருந்துதான் பறந்தன.

2007-இல் காட்சி மீண்டும் அரங்கேறியது. பிரதிநிதிகள் அவையின் வெளியுறவுக் குழு 27-க்கு 21 என்ற வாக்கில் தீர்மானத்தை ஏற்றது. கிஸ்ஸிங்கர் முதல் பவல் வரை, உயிரோடிருந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் எட்டுப் பேர் அதை எதிர்த்துக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். ஈராக்குக்குச் செல்லும் அமெரிக்க வான்வழிச் சரக்கில் ஏறத்தாழ 70 விழுக்காடு துருக்கி வழியாகப் போகிறது என்பது பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸின் வாதம். துருக்கி தூதரைத் திரும்ப அழைத்தது. ஆதரித்த உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தீர்மானம் அவைக்கே வரவில்லை. இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. போர்முனையில் இருக்கும் படைவீரனுக்குக் கவச வண்டி போய்ச் சேருவது, 92 ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்கு மரியாதை செய்வதைவிட அவசரம் என்று ஓர் அமைச்சர் நினைப்பதில் கயமை இல்லை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2003 மார்ச் 1 அன்று, அமெரிக்கப் படைகள் தன் நிலம் வழியாக ஈராக்குக்குள் நுழைவதற்கான அனுமதியைத் துருக்கி நாடாளுமன்றம் மறுத்தது. அப்போது வாஷிங்டன் அரை நூற்றாண்டாக வாய்மூடி இருந்தது. அந்த மௌனம் ஒரே ஒரு டிவிஷனுக்குக்கூட வழி வாங்கித் தரவில்லை. துருக்கி தன் நலனுக்கு ஏற்ப நடந்துகொண்டது, எல்லா நாடுகளையும் போல.

வேட்பாளராக இருந்தபோது அங்கீகரிப்பதாக வாக்குறுதி கொடுத்த ஒபாமா, அதிபராக எட்டு ஆண்டுகளும் பெருங்கேடு என்ற பொருளில் ஆர்மேனியர்கள் பயன்படுத்தும் மெட்ஸ் யெகேர்ன் என்ற தொடரைச் சொல்லிச் சமாளித்தார். பின்னர் 2019 வந்தது. ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக ஜூலையில் எஃப்-35 விமானத் திட்டத்திலிருந்து துருக்கி நீக்கப்பட்டது. அக்டோபரில் அமெரிக்காவுக்குத் துணையாக இருந்த குர்துப் படைகளின் மேல் வடகிழக்குச் சிரியாவில் அது தாக்குதல் தொடுத்தது. அந்த அக்டோபர் 29 அன்றே பிரதிநிதிகள் அவை 405-க்கு 11 என்று அங்கீகாரத் தீர்மானத்தை நிறைவேற்றியது. செனட்டில் வெள்ளை மாளிகையின் வேண்டுகோளுக்கு இணங்கி உறுப்பினர்கள் மாறி மாறித் தடுத்தபின், டிசம்பர் 12 அன்று ஒருமனதாக அதுவும் நிறைவேறியது. 12 ஆண்டுகளில் வரலாற்றாசிரியர்கள் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. இனப்படுகொலை ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 1997-லேயே தன் முடிவைச் சொல்லிவிட்டது. மாறியது கூட்டாளியின் மீதான கோபம். இதனால்தான் பட்டியலில் உள்ள ஆண்டுகள் 1915-ஐ விட அங்காராவோடு இருந்த உறவைப் பற்றி அதிகம் பேசுகின்றன என்கிறேன். ஆர்மேனியர்களுக்கு வந்துசேர்ந்த நீதி, வேறொரு சண்டையில் கைக்குக் கிடைத்த தடியாக வந்துசேர்ந்தது.

2021 ஏப்ரல் 24 அன்று பைடன் தம் நினைவு நாள் அறிக்கையில் இனப்படுகொலை என்ற சொல்லை எழுதினார். முந்தைய நாள் துருக்கி அதிபர் எர்தோவானைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியும் விட்டார். பல பத்தாண்டுகளாக எச்சரிக்கப்பட்ட பேரிடர் எப்படி இருந்தது? அங்காராவில் அமெரிக்கத் தூதர் வரவழைக்கப்பட்டுக் கண்டிக்கப்பட்டார். இன்ஜிர்லிக் தளம் மூடப்படவில்லை. ஜூன் 14 அன்று பிரஸ்ஸல்ஸில் இருவரும் சந்தித்து, காபூல் விமான நிலையத்தைத் துருக்கி காப்பது பற்றிப் பேசினார்கள். 2024 ஜனவரியில் சுவீடன் நேட்டோவில் சேரத் துருக்கி ஒப்புதல் தந்தது, அமெரிக்கா 2,300 கோடி டாலர் மதிப்பிலான எஃப்-16 விற்பனைக்கு இசைவு தந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று ட்ரம்ப் வெளியிட்ட அறிக்கையில் அந்தச் சொல் மறுபடியும் இல்லை. சட்டமன்றத் தீர்மானங்கள் அப்படியே நிற்க, அதிபரின் வாய் மட்டும் திறந்து மூடுகிறது.

பிரான்சு ஒரே வாக்கியத்தில் சட்டம் இயற்றியது 2001 ஜனவரியில். துருக்கி தூதரை அழைத்துக்கொண்டது. அல்காட்டெல் நிறுவனத்தோடு போட்டிருந்த உளவுச் செயற்கைக்கோள் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த இழப்பு உண்மையானது. இரு நாடுகளின் வர்த்தகம் அதோடு நின்றுவிடவும் இல்லை. ஜெர்மனியின் தீர்மானம் நிறைவேறியது 2016 ஜூன் 2 அன்று, அகதிகள் வரவைத் தடுக்கத் துருக்கியோடு ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பந்தம் செய்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில். கூட்டணிக் கணக்கு மறுபக்கம் இழுத்தபோதும் நிறைவேறிய அரிதான தீர்மானம் இது. தன் முன்னோரின் உடந்தையையும் அது ஒப்புக்கொண்டது. எனவே பட்டியலில் எனக்கு மிக மதிப்புள்ள வரி இதுதான். ஆனால் பிரதமர் மெர்க்கெல் வாக்கெடுப்புக்கு வரவில்லை. செப்டம்பரில் அவருடைய செய்தித் தொடர்பாளர், தீர்மானம் சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தாது என்று நினைவூட்டினார். இன்ஜிர்லிக்கில் இருந்த தம் வீரர்களைப் பார்க்க ஜெர்மானிய எம்.பி.க்களுக்குத் துருக்கி மறுத்துவந்த அனுமதி அதன் பின்னரே கிடைத்தது. அடுத்த ஆண்டு வேறு தகராறுகளால் மீண்டும் மறுக்கப்பட்டபோது, ஜெர்மனி தன் டொர்னாடோ விமானங்களை ஜோர்தானுக்கு மாற்றிக்கொண்டது. தளத்தை இழப்பது உலகம் முடிந்துபோகும் செயல் அல்ல என்பது அப்போது தெரிந்தது.

பிரிட்டன் பட்டியலில் இல்லை. 1916-இல் இந்தக் கொலைகளைப் பற்றிய சாட்சியங்களைத் தொகுத்துத் தன் நாடாளுமன்றத்திலேயே சமர்ப்பித்த அரசு அது. பிற்காலத்தில் வெளிவந்த 1999-ஆம் ஆண்டு வெளியுறவு அலுவலகக் குறிப்பு ஒன்று, துருக்கியோடு உள்ள அரசியல், வியூக, வணிக உறவுகளின் முக்கியத்துவத்தையும், அங்கீகாரத்தால் பிரிட்டனுக்கு நடைமுறைப் பயன் இல்லை என்பதையும் காரணமாகக் காட்டியது. சாட்சியம் போதாது என்ற சாக்கைவிட இந்த வெளிப்படைத்தன்மையை நான் மதிக்கிறேன். பெத்மன் ஹோல்வெக்கின் மொழிக்கு மிக அருகில் இருப்பது அதுவே.

எதிர்த் தட்டிலும் நேர்மையாக எடை வைக்க வேண்டும். அங்கீகாரம் ஆர்மேனியாவுக்குப் பாதுகாப்பைத் தந்ததா? ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையான டூமா 1995-லேயே அங்கீகரித்தது. ரஷ்யா ஆர்மேனியாவின் ராணுவக் கூட்டாளியும்கூட. 2023 செப்டம்பரில், ஆர்மேனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகோர்னோ-கராபாக்கை அஜர்பைஜான் கைப்பற்றியபோது ரஷ்ய அமைதிப் படை அங்கேயே இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் சில நாட்களில் வெளியேறினார்கள். அங்கீகரித்திருந்த பிரான்சும் ஜெர்மனியும் அமெரிக்காவும் கவலை தெரிவித்தன. துருக்கிக்குள்ளே நடந்த விவாதமும் இப்படி நேர்கோடாக இல்லை. இஸ்தான்புல்லின் ஆர்மேனியப் பத்திரிகையாளர் ஹ்ராந்த் திங்க், இனப்படுகொலை என்று சொன்னதற்காகவும் தன் நாட்டில் வழக்குகளைச் சந்தித்தவர். ஆனால் மறுப்பதைக் குற்றமாக்கப் பிரான்சு 2006-இல் முயன்றபோது, அந்தச் சட்டம் வந்தால் தாமே பிரான்சுக்குப் போய் மறுத்துப் பேசுவதாக அறிவித்தார். 2007 ஜனவரி 19 அன்று அவர் தம் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிநாட்டுத் தீர்மானங்களின் மதிப்பைப் பற்றிப் பேசும்போது, அவற்றால் பாதுகாக்கப்படாத அந்த மனிதரின் கருத்துக்கு நான் கூடுதல் இடம் கொடுப்பேன்.

இன்று இந்த எடைபோடல் யெரெவானுக்கே வந்துவிட்டது என்பதுதான் இப்போது செல்லும் பார்வையாளர் கவனிக்க வேண்டியது. 1990 ஆகஸ்ட் 23-இன் சுதந்திரப் பிரகடனம், 1915 இனப்படுகொலைக்குப் பன்னாட்டு அங்கீகாரம் பெறும் முயற்சியை ஆர்மேனியா ஆதரிக்கும் என்கிறது. அதைச் சுட்டும் அரசமைப்புச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்பது அஜர்பைஜானின் நிபந்தனை. அதன் உண்மையான அக்கறை அப்பிரகடனம் கராபாக்கைக் குறிப்பிடுவதில் இருக்கிறது. முதல் அதிபர் தெர்-பெத்ரோஸ்யான் அங்கீகாரத்தை வெளியுறவுக் கொள்கைக்கு வெளியே வைத்திருந்தார். 1998-இல் வந்த கோச்சர்யான் உள்ளே கொண்டுவந்தார். இப்போதைய பிரதமர் பஷின்யான், துருக்கியோடு எல்லையைத் திறக்கும் முயற்சியில், இது தம் அரசின் முன்னுரிமை அல்ல என்று 2025-இல் சொன்னார். வெளிநாடு வாழ் ஆர்மேனியர் பலர் இதைத் துரோகம் என்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது எளிது; மூடிய எல்லைக்கும் அஜர்பைஜானுக்கும் இடையில் வாழ்பவர் வேறு கணக்குப் போடுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் வாஷிங்டனும் லண்டனும் போட்ட கணக்குக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது: இங்கே எடைபோடுபவர்கள் இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

செல்வோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை மூடியிருக்கும். நகர மையத்திலிருந்து டாக்சியில் செல்வது எளிது. அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு சுவரின் பின்பக்கம், மரங்கள், கடைசியில் விளக்கு என்ற வரிசையில் சென்றால் இங்கே சொன்னவை தொடர்பாக விளங்கும். ஏப்ரல் 24 அன்று நகரமே பூக்களோடு குன்றேறும். அந்த நாளில் அஞ்சலி செலுத்தப் போகலாம், காட்சிகளைப் படிக்க வேறு நாளை ஒதுக்குங்கள்.